தினமும் பார்க்க வேண்டிய கால்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒரு சொத்துத் தகராறுச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்பு மன்னிப்பு என்று கோயிலிலும் சர்ச்சிலும் சொல்லிக்கொடுத்துத்தான் தப்புச் செய்தவன் தெம்பாக நடமாடுகிறான், பட்டவன் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறான் என்று அவர் கோபப்பட்டிருந்தார். அந்தக் கோபம் எனக்குப் புரியாதது இல்லை. பதினைந்து வருடம் நானும் அதே கோபத்தில்தான் இருந்தேன். ஆனால் மன்னிப்பு என்று அவர் எதைச் சொல்கிறாரோ, அது எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் உள்ள மன்னிப்பு இல்லை. அது வெறும் வாயடைப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நானே நெடுநாள் ஏமாந்திருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். 1981-ல் வேலூர் பக்கம் கரிகிரியில் தொழுநோய்ப் பணிக்கான பயிற்சி எடுத்தேன். அதன்பிறகு முப்பத்தாறு வருடம் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் பார்ப்பதுதான் என் வேலை. புண்ணைக் கழுவிக் கட்டுவது, மடங்கிப்போன விரல்களுக்குப் பயிற்சி கொடுப்பது, செருப்புக்கு அளவு எடுப்பது. எங்கள் பழைய வேதாகமத்தில் 'குஷ்டரோகி' என்றுதான் அச்சாகியிருக்கும். ஆலயத்தில் அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். என்னிடம் வந்தவர்களுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

1999 ஜனவரியில் அந்தச் செய்தி வந்தபோது நான் டிரெஸ்ஸிங் அறையில் இருந்தேன். ஒடிசாவில் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் என்ற கிராமம். ஜனவரி 22-ஆம் தேதி இரவு, ஆலயத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்த வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் ஒரு கும்பல் தீ வைத்துக் கொன்றது. பிலிப்புக்குப் பத்து வயது, திமொத்தேயுவுக்கு ஆறு. ஸ்டெயின்ஸ் 1965-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கட்டுப்போட வந்திருந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மா சொன்னது வந்தது. கொன்றவர்களை மன்னித்துவிட்டேன், எனக்கு அவர்கள்மேல் கசப்பு இல்லை என்றார். மகள் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. 2004 வரை அதே பாரிபதாவில், அதே இல்லத்தில் இருந்து, அதே வேலையைச் செய்தார். கணவர் பெயரில் அங்கே ஒரு மருத்துவமனை வந்தது. 2005-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கிளாடிஸ் அம்மாவைப் பற்றி நான் பேசினேன். ஒரு சபையில் பேசியதைக் கேட்டு இன்னொரு சபையில் கூப்பிட்டார்கள். ஏழெட்டு இடத்தில் பேசியிருப்பேன். நன்றாகப் பேசுவேன், கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 2008-க்குப் பிறகு அந்தப் பேச்சை நான் பேசவே இல்லை.

2008-ல் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டுப் பக்கம். அப்பாவுக்கு ஒரு வீடும், ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட் பனை விளையும் இருந்தன. பிள்ளைகள் நானும் என் தம்பியும் மட்டும். 2003-ல் அப்பா காலமானார். உயில் எழுதவில்லை. எங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மறு வருடம் தம்பி கூப்பிட்டான். பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும், நீயும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் நல்லது என்றான். அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூட்டம். அவன் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், கைரேகை வைத்தேன். அவனே எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கூடப்பிறந்தவன் நீட்டிய காகிதத்தை யார் படித்துப் பார்ப்பார்கள்?

2008-ல் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டது விடுதலைப் பத்திரத்தில். என் பங்கை முழுமனதோடு தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக அதில் இருந்தது. அம்மாவின் ஞாபகார்த்த ஜெபத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டேன். "உனக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சில்லா, இன்னும் என்ன பங்கு கேக்க?" என்றான். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு நிலத்தைவிடப் பெரிதாக வலித்தது.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம், ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றார். நான் போடவில்லை. அம்மா பெயரைக் கோர்ட்டில் இழுக்க மனசு வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. வழக்குப் போடாததையே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டு, நான் எவ்வளவு நல்லவள் என்று எனக்குள்ளேயே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. 2014-ல் அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் பீரோவுக்கு அடியில் தள்ளினேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். மொய்கூட அனுப்பவில்லை.

எங்கள் சபையில் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணைக்கு முன்பு, உங்கள் பாவங்களுக்காக மனஸ்தாபப்பட்டு அயலாரோடு சமாதானமாயிருக்கிறவர்கள் வாருங்கள் என்ற அழைப்பு உண்டு. போவேன். முழங்கால் படியிடுவேன், கையை நீட்டுவேன், வாங்குவேன். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் மட்டும் ஒரு இடத்தில் என் வாய் நின்றுவிடும். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரி வரும்போது சபை முழுவதும் சொல்லும், நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்வேன். பக்கத்தில் உட்கார்கிற அக்காவுக்கு இது தெரியும். அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

வேதம் வாசிப்பதை நான் விடவில்லை. காலையில் ஒரு அதிகாரம், ராத்திரி ஒரு அதிகாரம். வாசித்தது எதுவும் உள்ளே இறங்கவில்லை. பாட்டு வாயிலிருந்து வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், அதாவது நாற்பது நாள் நோன்பு, தொடங்கும் சாம்பல் புதன்கிழமை சங்கீதம் 51 வாசிப்பார்கள். "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும், நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்" என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். அந்தப் 'புதுப்பியும்' என்ற சொல் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வந்த தபால் மாதிரி என்னைத் தாண்டிப் போகும்.

நடுவில் 2011-ல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன். யாரையாவது மன்னிக்க வேண்டியிருக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். உயர்த்தினேன், அழுதேன். மனசு லேசானது போல இருந்தது. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் தம்பியைத் தூரத்தில் பார்த்தேன். அவன் ஏறிய பஸ்ஸில் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அந்த அழுகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் அழுதால் முடிந்துவிடும் காரியம் இது இல்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய நோயாளி. 2017-ல் ஓய்வு பெற்ற பிறகும், நோய் குணமாகி காலனியில் குடியிருக்கிறவர்களின் கால்களைப் பார்க்க வாரத்தில் ஒருநாள் காலையில் போவேன். மாத்திரை சாப்பிட்டுக் கிருமி போன பிறகும், செத்த நரம்பு திரும்பாது. காலில் உணர்ச்சி இருக்காது. முள் குத்தினாலும் தெரியாது. செருப்புக்குள் ஆணியோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, ராத்திரி ரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகின்றன என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னார். கரிகிரியில் எங்களுக்கு முதல் பாடமே அதுதான்.

அதனால் கால் பராமரிப்பு என்று ஒன்று உண்டு. தினமும் செய்ய வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் காலை ஊறவைக்க வேண்டும். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. தோல் மெதுவானதும், காய்த்துப்போன இடத்தைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் நாமே புண்ணாக்கிவிடுவோம். பிறகு ஈரத்தைத் துடைக்காமல் அப்படியே தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். கடைசியாகக் காலைத் திருப்பி, பாதம் முழுவதும், விரல் இடுக்கு உள்பட, கண்ணால் பார்க்க வேண்டும். எட்டாதவர்கள் கண்ணாடி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெரியவரிடம் விளிம்பு உடைந்த ஒரு சவரக் கண்ணாடி இருந்தது. அதைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைப் பிடித்து, ஒவ்வொரு அங்குலமாகப் பார்ப்பார். நாற்பது வருடமாக அவருக்குக் காலில் ஒரு பெரிய புண் வந்ததில்லை.

நோய் தெரிந்ததும் இளவயதில் அவரை வீட்டைவிட்டுத் துரத்தியவர் அவருடைய அண்ணன். திண்ணையில்கூட உட்கார விடவில்லை. அப்பா சொத்தில் பங்கும் இல்லை. இவரோ தனக்கு வரும் உதவித்தொகையில், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அண்ணனின் பேத்திக்கு நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தார். 2022 டிசம்பரில் அந்தப் படிவத்தை நிரப்பித் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் எழுதவில்லை. உங்களைத் துரத்தினவருக்கு எதற்கு இது என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அது அவர் அண்ணன்மேல் வந்த கோபம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அவர் கால் வாளிக்குள் இருந்தது. என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சிஸ்டர், காலைத் தினமும் பாக்கேன்லா, அதே மாதிரிதான் இதையும் பாக்கேன். ரெண்டு நாள் பாக்காம விட்டா புண்ணு உள்ளுக்குள்ள போயிரும். வலிக்கவும் செய்யாது."

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வலிக்கவும் செய்யாது என்றாரே, அதுதான். எனக்கு வலிக்காமல் போய் வெகுநாளாகியிருந்தது. அதை நான் சமாதானம் என்று நினைத்திருந்தேன்.

2023-ல் தபசு காலம் பிப்ரவரி 22-ல் தொடங்கியது. நாற்பது நாளும் காலை ஜெபத்தில் தம்பியின் பெயரைச் சொல்வது என்று தீர்மானித்தேன். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. முதல் வாரம் பெயர் வாயில் வரவில்லை. 'அவன்' என்றேன். அவனை ஆசீர்வதியும் என்று சொல்ல வரவில்லை, அவனைப் பாரும் என்றேன். சில நாள் ஜெபம் பாதியிலேயே புகாராக மாறிவிடும். மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன். ஊறவைக்க வேண்டும், அவசரப்பட்டுத் தேய்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

எங்கள் குருவானவர் சின்ன வயதுக்காரர், என் மகன் வயது. அவரிடம் போய், தம்பியைப் பார்த்து உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கேட்காதவங்ககிட்டப் போய் மன்னிச்சுட்டேன்னு சொன்னா, அது மன்னிப்பு மாதிரி இருக்காதும்மா, குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும்" என்றார். பிறகு மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். நூறு தடவை வாசித்த இடம். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று வாசித்தேன். அங்கேயே நிறுத்தச் சொன்னார். யாருக்கு யார்மேல் குறை என்று கேட்டார்.

என் சகோதரனுக்கு என்மேல் குறை. இத்தனை வருடமும் நான் அதைத் தலைகீழாக வாசித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். தம்பிக்கு என்மேல் என்ன குறை இருக்க முடியும்? ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அப்பா கடைசி இரண்டு வருடம் படுத்த படுக்கை. தூக்கி உட்காரவைத்தது, மலஜலம் எடுத்தது, ராத்திரி கண்விழித்தது எல்லாம் அவனும் அவன் மனைவியும். ஊரான் காலையெல்லாம் கழுவிய நான் அப்பா காலைக் கழுவ எத்தனை நாள் போனேன்? மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது. அவன் மகள் கல்யாணத்தில், அத்தை எங்கே என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்? இதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. ஆனால் என் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நான் எழுதவே இல்லை.

அந்த வருடம் எங்கள் ஊர் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை மே மாதம் வந்தது. பண்டிகை என்றால் எங்கள் பக்கம் அசனம் உண்டு. ஊர் முழுவதும் வரி கொடுத்து, ஒரே கொட்டகையில் ஆக்கி, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. பதினைந்து வருடமாக நான் அதற்குப் போகவில்லை. அன்றைக்குப் போய் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தேன். பந்தி விசாரித்துக்கொண்டு வந்தவர்களில் தம்பியும் இருந்தான். கையில் சோற்று வாளி. தலை முழுக்க நரைத்திருந்தது, எனக்கு அது தெரியாது. என் இலைக்கு முன்னால் வந்து நின்றான். சோறு வைத்தான். நகரவில்லை. பின்னால் சாம்பார் வாளியோடு வந்த பையன் இடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டாக்கா?"

வை என்றேன். அதற்குமேல் சோற்றைப் பிசைய முடியவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். மகள் கல்யாணத்துக்கு வராததற்காகவும், அப்பாவை அவன் தலையிலேயே விட்டுவிட்டதற்காகவும் மன்னிப்புக் கேட்டேன். அவன் மனைவி அடுக்களை வாசலில் நின்று அழுதாள். பத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். குரலை உயர்த்தாமல், ஆனால் மழுப்பாமல் சொன்னேன். "நீ என்னை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினே. அது தப்பு. நெலத்தைத் திருப்பிக் கேக்க நான் வரல. ஆனா தப்புன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியணும்." அவன் பதில் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போனது. கிளம்பும்போது ஒரு பனையோலைக் கொட்டானில் கருப்பட்டி வைத்துக் கொடுத்தான். அந்த விளையில் எடுத்த பதநீரில் காய்ச்சியது.

இப்போது அந்த வாசகருக்கு வருகிறேன். மன்னித்தால் தப்புச் செய்தவன் தப்பித்துவிடுவான் என்கிறார். கிளாடிஸ் அம்மா மன்னித்தார், ஆனால் சட்டம் தன் வேலையைச் செய்தது. முக்கியக் குற்றவாளிக்கு விசாரணை நீதிமன்றம் 2003-ல் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் 2005-ல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் 2011-ல் ஆயுளை உறுதி செய்தது. மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான விளைவு வேறு என்பதில் அந்த அம்மா தெளிவாக இருந்தார். கசப்பைத்தான் அவர் இறக்கிவைத்தார், உண்மையை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயக் கூலிகளுக்காக உழைத்தவர். கந்துவட்டிக்காரர்களிடமிருந்து அவர்கள் மீளப் பாடுபட்டதால், 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி ஓடும் பஸ்ஸில் வைத்துக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். குத்தியவர் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் துறவி. அவர் 2002-ல் இந்தூர் சிறைக்குப் போய், அந்த மனிதரின் கையில் ராக்கி கட்டி அண்ணன் என்று ஏற்றுக்கொண்டார். நடுவில் எத்தனை வருடம் என்று பாருங்கள். ஏழு. அந்த ஏழு வருடமும் அவர் மனதுக்குள் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். 2006-ல் விடுதலையான சமுந்தர் சிங், 2017 நவம்பர் 4-ஆம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்த விழாவுக்கு வந்திருந்தார். ஆக, அவர் தண்டனையும் அனுபவித்தார், மன்னிப்பும் பெற்றார். ஒன்று இன்னொன்றைத் தடுக்கவில்லை.

அந்த வாசகர் சொன்னதில் நான் முழுவதும் ஒத்துக்கொள்கிற ஒரு இடம் உண்டு. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடம், மன்னித்துக்கொண்டு போம்மா என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவர்களை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வேத வசனத்தையும் கூடவே சொல்லி அனுப்புவார்கள். அது பாவம். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னவர், ஏழெழுபதுதரம் அடி வாங்கச் சொல்லவில்லை. அவள் முதலில் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும், போலீஸுக்குப் போக வேண்டும் என்றால் போக வேண்டும். மன்னிப்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில், அவளுடைய காலத்தில் நடக்கிற காரியம். அவசரப்படுத்த மற்றவர்களுக்கு உரிமை இல்லை. எனக்கே பதினைந்து வருடம் ஆனது. என்னை யாரும் அடிக்கவில்லை.

எங்கள் வேதாகமத்தில் 'சீஷன்' என்று ஒரு சொல் உண்டு. கத்தோலிக்கர் சீடர் என்பார்கள். குருவின் பின்னால் நடந்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தானும் செய்து பழகுகிறவன். சபையில் முழு அங்கத்தினராக ஏற்கும் திடப்படுத்தலின்போது பதினாறு வயதில் நானும் சீஷி ஆனேன் என்றுதான் நினைத்திருந்தேன். "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்று லூக்காவில் இருக்கிறது. அந்த 'அனுதினமும்' என்ற சொல்லை அறுபது வயதுக்கு மேல்தான், ஒரு வாளித் தண்ணீரில் ஊறிய காலைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று முடித்து எழுத என்னால் இன்றைக்கும் முடியாது. இன்று காலை மன்னித்தேன், நாளைக் காலையும் பார்க்க வேண்டும். சில நாள் இன்னும் காய்த்துப்போய்த்தான் இருக்கிறது. ஆனால் வலி தெரிகிறது. அதற்காக நான் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். பரமண்டல ஜெபத்தில் இப்போது நான் தலைப்பைச் சரிசெய்வதில்லை. முதல் தடவை அந்த வரியை வாய்விட்டுச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து அக்கா திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடினார்கள். அன்றைக்குப் பாடிய பாட்டு உள்ளே இறங்கியது.

அந்தப் பெரியவர் சென்ற வருடம் இறந்துபோனார். அண்ணன் பேத்தி அடக்கத்துக்கு வந்திருந்தாள். கண்ணாடியை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

தம்பி இதுவரை மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்லுவானா என்று தெரியாது. அவன் பிள்ளைகள் இந்த ஊர்ப்பக்கமே இருப்பதால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவனுக்குத் தெரியாமல் இதை அனுப்பக் கூடாது என்று, நேற்று ஊருக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே கேட்டான். நடுவில் ஒன்றும் பேசவில்லை. முடித்த பிறகும் வெகுநேரம் பேசவில்லை. நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து எழுந்தபோது, "முப்பது சென்ட்டுன்னு எழுதியிருக்கே. முப்பத்திரண்டுக்கா" என்றான்.

திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.